பயிற்சி முடித்தவள்

இண்டூர் சாலையில் இருந்த அப்துல் சுபான் சாயபுவின் பட்டு நூல் கூடத்தில் தொட்டிக்கு முன்னால் உட்காருகிறவர்கள் ஆண்கள். ராட்டை சுற்றுகிறவர்கள் பெண்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கூடம் ஆரம்பித்த நாளிலிருந்து வேறு மாதிரி நடந்ததும் இல்லை.

தொட்டி என்பது அடுப்பின் மேல் பதித்த வெந்நீர்த் தொட்டி. அதில் பட்டுக்கூடுகள் வெந்து மிதக்கும். நூல்காரர் அந்தக் கூடுகளின் இழைமுனைகளைத் தேடிப் பிடித்து, எட்டுப் பத்து இழைகளை ஒன்றாகச் சேர்த்து மேலே விடுவார். எதிரே ஒரு பெண் ராட்டையை ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பாள். நூல் அதில் போய்ச் சுற்றிக்கொள்ளும். நூல்காரருக்கு எடுத்த நூலுக்குத் தக்க கூலி. ராட்டைக்காரிக்கு நாள் கூலி, அது நூல்காரர் கூலியில் பாதிகூட இருக்காது. தலைமை நூல்காரர் நூர் பாஷா. அவருக்கு இந்தப் பக்கத்துத் தொட்டியில் தம்பி, அந்தப் பக்கத்துத் தொட்டியில் மைத்துனர். அவர் அப்பா உட்கார்ந்த தொட்டியில்தான் அவரே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கூடத்துக்கு எழுபத்து நான்காம் வருஷத் தொடக்கத்தில் பாஞ்சாலி நூல்காரியாகப் போய்ச் சேர்ந்தாள். அதாவது, நூல்காரியாகப் போவதாக நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

இண்டூருக்கு மேற்கே அவளுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு இருந்தது. மழை பெய்தால் கேழ்வரகும் கொள்ளும் விளையும். வரிசையாக மழை பொய்த்தது. கிணற்றை ஆழப்படுத்தப் போனார்கள், பாறை வந்து நின்றது. கணவன் காளியப்பன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். முதலில் பணம் வந்தது. பிறகு ஊர்க்காரர் மூலம் சேதி வந்தது. பிறகு சேதியும் வரவில்லை. பாஞ்சாலி தன் மகள் தீர்த்தம்மாளைக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த அக்கா வீட்டில் விட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் விட்டாள். அக்கா வீட்டில் சோறு இருந்தது, ஆடும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண் ஆட்டின் பின்னால் போனாள். பாஞ்சாலி பார்க்கப் போகும்போதெல்லாம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பின்னாலேயே வருவாள்.

"அம்மா, இந்தத் தடவை கூட்டிக்கினு போறியா?"

"அடுத்த தடவை கண்ணு."

எந்தத் தடவை என்று பாஞ்சாலிக்கே தெரியாது. நிரந்தரமாக ஒரு கூலி வந்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அது தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அப்போதுதான் இண்டூர்ச் சந்தையில் தண்டோரா போட்டார்கள். பெண்களுக்குப் பட்டு நூல் எடுக்கப் பயிற்சி. மாவட்டத்தில் பட்டுத் தொழில் வளராததற்குக் காரணம், தொழில் தெரிந்த ஆட்கள் இல்லாததுதான் என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். தர்மபுரியில் ஆறு மாதம் பயிற்சி. பிறகு ஒரு வருஷம் தனியார் கூடம் ஒன்றில் வேலைப் பழக்கம். இரண்டுக்கும் அரசாங்கமே ஸ்டைபண்டு என்று மாதா மாதம் உதவித்தொகை கொடுக்கும். வருஷம் முடிந்ததும் அந்தக் கூடமே அவர்களை நூல்காரிகளாக வைத்துக்கொள்ளும். பெண்களை ஏற்றுக்கொள்ளும் முதலாளிக்குப் புது மாதிரி நூல் இயந்திரம் சலுகை விலையில் கிடைக்கும். சொல்லிக் கேட்கும்போது யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

பயிற்சி நிலையத்தில் பாஞ்சாலி சந்தோஷமாகத்தான் இருந்தாள். முதல் மாதம் விரல் தோல் வெந்து உரிந்தது. சாப்பாட்டில் உப்புப் பட்டால் எரியும். புழு வெந்த நாற்றம் தலைமுடியிலிருந்து போகவில்லை. ஆனால் ஒரு நாள் விரலுக்கு முனை பிடிபட்டது. கண்ணுக்குத் தெரியாத இழை விரலுக்குத் தெரிந்தது. ஒரு கூடு தீரப் போகிறது, நூல் மெலிகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்பே கை அடுத்த முனையைச் சேர்த்தது. பக்கத்துத் தொட்டியில் அக்தர் பேகம் இருந்தாள். பாஞ்சாலியைவிடக் கொஞ்சம் மூத்தவள். தர்மபுரியில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் தொழில் செய்த அவள் புருஷன் இறந்துபோய், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். யார் நூல் மெல்லிசு என்று இருவருக்கும் தினமும் போட்டி.

"என்னாடி இது, நூலா மாட்டுக் கயிறா?" என்பாள் அக்தர்.

"உங்க நூலைப் பாத்துக்கோங்க அக்கா. வெளக்கு வெச்சுத் தேடணும்."

"தேடுற மாதிரி எடுக்கறவதான் தொழில்காரி. நீ எடுக்கறதுல எருமையைக் கட்டலாம்."

இருவரும் சிரிப்பார்கள். ஜெயிப்பது ஒரு நாள் அவள், ஒரு நாள் இவள்.

பயிற்சி அதிகாரி ராஜாமணி நல்ல மனிதர். இளவயதுக்காரர். பெண்கள் தொட்டியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்கு உண்மையிலேயே பெருமை. கடைசி நாளன்று எல்லோருக்கும் மிக்சரும் காப்பியும் வாங்கிக் கொடுத்து, "இனிமே நீங்க கூலிக்காரங்க இல்ல, தொழில் தெரிஞ்சவங்க. உங்களுக்கு உண்டான இடத்தை யாரும் பிடுங்க முடியாது" என்றார். பாஞ்சாலி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து பெண்களை சுபான் சாயபுவின் கூடத்துக்கு அனுப்பினார்கள். போன முதல் நாள் புது இயந்திரம் எங்கே என்று பாஞ்சாலி தேடினாள். அது மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அதன் மேல் கூடு கொட்டி வைக்கும் முறங்கள் அடுக்கியிருந்தன.

நூர் பாஷா ராட்டையைக் கை காட்டினார். "அதைச் சுத்தும்மா."

"நாங்க நூல் எடுக்கப் படிச்சிருக்கோங்க பாய்."

"சந்தோசம். படிச்ச கையால சுத்தினா ராட்டை இன்னும் நல்லாச் சுத்தும்."

தம்பியும் மைத்துனரும் சிரித்தார்கள். ஐந்து பெண்களும் ராட்டைக்குப் போனார்கள். ஏற்கெனவே ராட்டை சுற்றிக்கொண்டிருந்த கூலிப் பெண்களை சாயபு அந்த வாரமே நிறுத்திவிட்டார். அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் கைகள் வந்த பிறகு அவர் எதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்? நிறுத்தப்பட்ட பெண்களில் ஒருத்தி வாசலில் நின்று பாஞ்சாலியைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனாள். ஏன் என்று பாஞ்சாலிக்கு அப்போது புரியவில்லை.

ராஜாமணி அவ்வப்போது பார்வையிட வருவார். தர்மபுரி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும்போதே டீக்கடையிலிருந்து சேதி வந்துவிடும். உடனே சாக்கு பறக்கும், முறங்கள் இறங்கும், இயந்திரத்துத் தொட்டிகளுக்கு அடுப்பு மூட்டுவார்கள். நூர் பாஷாவுக்கு அது ஒரு வேடிக்கை.

"வாங்கம்மா வாங்க, முகூர்த்தம் வந்திருச்சு. மணையில உக்காருங்க. மாப்பிள்ளை பஸ் எறங்கிட்டாரு."

"மாப்பிள்ளைக்கு மொதல்ல நீங்க காலு கழுவி வுடுங்க பாய்" என்பாள் அக்தர். கூடமே சிரிக்கும். தண்ணீர் கொதிப்பதற்குள் ராஜாமணி ஒரு டீ குடித்து, பெண்கள் தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, திருப்தியோடு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். அடுப்பு அணையும். சாக்கு மறுபடி ஏறும்.

இப்படியே பாதி வருஷம் போயிற்று. ஒரு நாள் பாஞ்சாலி தைரியம் வரவழைத்துக்கொண்டு சாயபுவின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"பாய், நாங்க கத்துக்கிட்ட வேலையை எப்பங்க குடுப்பீங்க?"

சுபான் சாயபு கெட்டவர் இல்லை. கோபப்படவும் இல்லை. பக்கத்தில் கிடந்த நூல் சிட்டம் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நூர் பாஷா எடுத்த நூல், தடியும் மெலிசுமாக இருந்தது.

"இதை வாங்க வர்ற வியாபாரி என்னா செய்வான் தெரியுமா? தராசுல போடுவான். எடை பாப்பான். காசு குடுப்பான். அவ்ளோதான். தறியில குறுக்க ஓடற ஊடைக்குப் போற நூலு, ஒண்ணாட்டம் இருந்தா என்னா இல்லாட்டி என்னா? நீ எடுக்கற மெல்லிசு நூலுக்கு நேரம் எச்சா, வெறகு எச்சா. விலை அதே விலை. நீ வியாபாரியா இருந்தா என்னா பண்ணுவே?"

பாஞ்சாலி கையிலிருந்த சிட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கு நூலெடுக்கச் சொல்லிக் குடுத்தாங்களே, அவங்க என்கிட்ட நூல் வாங்கறவனை ஒரு வார்த்தை கேட்டாங்களா? என்னையாவது கேட்டாங்களா? மிசின் தர்றோம், ஆளைச் சேத்துக்கோன்னாங்க. சரின்னேன். எனக்கு ராட்டைக்கு ஆள் வேணும். வந்தீங்க. அல்லா புண்ணியத்துல எல்லாருக்கும் சோறு கெடைக்குது. போம்மா, போய் வேலையைப் பாரு."

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்பதுதான் பாஞ்சாலிக்குக் கஷ்டமாக இருந்தது. நூர் பாஷாவையும் அவளால் வெறுக்க முடியவில்லை. அவள் ஒரு தொட்டியில் உட்கார்ந்தால் அவர் தம்பி எழுந்திருக்க வேண்டும். தம்பிக்கும் குழந்தைகள் இருந்தன. ஆனாலும் வருஷம் முடியட்டும், அதிகாரி வந்து சொல்லுவார், பிறகு சாயபு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காரிமங்கலத்துக்குப் போனபோது மகளிடமும் சொன்னாள். "தை முடியட்டும் கண்ணு. அம்மா வந்து கூட்டிக்கினு போறேன்." முதல் தடவையாக ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னாள்.

வருஷம் முடிகிற நேரத்தில் கடைசிச் சோதனை வந்தது. ராஜாமணி முன்னிலையில் ஐந்து பேரும் நூல் எடுக்க வேண்டும். நன்றாக எடுத்தால் பயிற்சி முடிந்தது என்று எழுதுவார். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பார். முதல் நாள் மாலை சாயபு ஐந்து பேரையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு மெதுவா எடுங்க. இழை அறுந்தா அறுந்துட்டுப் போவுது. இன்னும் பழகணும்னு எழுதிட்டுப் போவாரு. உங்களுக்கு இன்னொரு வருஷம் ஸ்டைபண்டு. எனக்கும் ஆளுங்க இருக்கும். என்னா சொல்றீங்க?"

நான்கு பேர் தலையாட்டினார்கள். பாஞ்சாலி ஆட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்தர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். எப்போதும் கேலி பேசுகிறவள் அன்றைக்குக் கேலி பேசவில்லை.

"பாஞ்சாலி, நாளைக்கு நல்லா எடுக்கலாம்னு மனசுல வெச்சுக்கினு இருக்கியா?"

"நல்லா எடுத்தாத்தானே அக்கா தொட்டி குடுப்பாங்க? நமக்கு உண்டான இடத்தை யாரும் பிடுங்க முடியாதுன்னு சாரு சொன்னாரில்ல?"

"சாரு தர்மபுரியில இருக்காரு. தொட்டி பாய் கையில இருக்குது. நீ நல்லா எடுத்தா எங்க நூலையும் உன்னுதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. வேணும்னே கெடுத்தோம்னு தெரிஞ்சுபூடும். எனக்கு இந்த ஸ்டைபண்டை வுட்டா ஒண்ணும் இல்லடி. வாடகை வூடு. ரெண்டு பசங்க. ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் கெட்டியாப் புடிச்சுக்குவோம்."

பாஞ்சாலி கொஞ்ச தூரம் அவளோடு நடந்தாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

"என் மேல சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் காலையில் சாக்கை எடுத்தார்கள். ராஜாமணி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்தர் எடுத்த நூல் முடிச்சு முடிச்சாக வந்தது, அடிக்கடி அறுந்தது. அவள் அறுந்த நூலைப் பார்த்துத் தெரியாதவள் மாதிரி விழித்தாள். பாஞ்சாலியும் முனைகளைத் தாறுமாறாகச் சேர்த்தாள். நூல் கயிறாகப் போயிற்று. ராஜாமணி எழுந்து வந்து அவள் பின்னால் நின்று பார்த்தார். அவர் முகம் சிறுத்துப் போயிற்று.

நூர் பாஷா தன் தம்பியிடம் சத்தமாகவே சொன்னார்: "பாத்தியாடா? ஒண்ணரை வருசம் சர்க்காரு சோறு போட்டாலும் ராட்டை சுத்தற கை ராட்டை சுத்தற கைதான்."

இதைவிட மோசமாக அவர் பேசி அவள் கேட்டிருக்கிறாள். ஆனால் இந்தத் தடவை ராஜாமணியும் மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஒத்துக்கொள்வது போல. "சரி, இன்னொரு வருஷம் பாக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இன்னொரு வருஷம். பாஞ்சாலிக்கு ஆடு தெரிந்தது, பஸ் நிற்கும் இடம் தெரிந்தது. தை முடியட்டும் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. தடித்த நூலை வேண்டுமென்றே அறுத்தாள். புதிதாக முனை பிடித்தாள். எட்டு இழை. அதற்கு மேல் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்தில் அக்தர் மூச்சை இழுத்துப் பிடித்தது மட்டும் காதில் விழுந்தது. நூர் பாஷாவின் தம்பிகூடத் தன் தொட்டியை விட்டு எழுந்து வந்து பார்த்தான். நூர் பாஷா தன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஜாமணி அந்தச் சிட்டத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா பாய்! ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் வந்திருக்குன்னுதான் அர்த்தம். எல்லாரும் ஒண்ணாப் படிச்சவங்க. நான் முன்னால நின்னதுல மத்தவங்க பயந்துட்டாங்க, அவ்வளவுதான்." ஐந்து பேருக்கும் பயிற்சி முடிந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இனிமே இவங்க உங்க நூல்காரிங்க பாய்" என்று சாயபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாயபுவும் சிரித்துக்கொண்டே குலுக்கினார். அதிகாரியைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, பெண்களைப் பார்க்காமல், சாக்கை இழுத்து மூடச் சொன்னார்.

அடுத்த வாரம் கூடு வரத்து குறைவு, சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவில்லை. ஸ்டைபண்டும் நின்றுவிட்டது. பாஞ்சாலி தர்மபுரிக்குப் போய் ராஜாமணியைப் பார்த்தாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"பயிற்சி குடுக்கறது எங்க வேலைம்மா. வேலை குடுக்கறது முதலாளி இஷ்டம். வெச்சுக்குவோம்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா வெச்சுக்கலைன்னா நான் கேக்கறதுக்குச் சட்டத்துல இடமில்ல."

"அப்போ எங்களைத் திரும்பப் பயிற்சியில சேத்துக்கோங்க சார்."

"அது எப்படி முடியும்? நீங்க பயிற்சி முடிச்சவங்க. முடிச்சவங்களைத் திரும்பச் சேக்கக் கூடாது."

"அப்போ நாங்க எங்கே போறது?"

"தொழில் கையில இருக்கும்மா. வேற கூடங்கள்ல கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தாள். எல்லாக் கூடத்திலும் ஒரு நூர் பாஷா இருந்தார். அவருக்கு ஒரு தம்பியும் இருந்தான். ஓர் இடத்தில், "பயிற்சி முடிஞ்சவங்களாமே, அப்புறம் ஏன் சுபான் பாய் அனுப்பிட்டாரு?" என்று கேட்டார்கள். அவள் வெளியே வந்தாள். சாயபுவின் கூடத்துக்குப் புது இயந்திரம் இன்னொன்று வந்தது, புதிதாக ஐந்து பெண்களும் வந்தார்கள். பழைய ஐந்து பேரும் நல்லபடியாகத் தேறியதால் அந்தக் கூடத்துக்கு முன்னுரிமை கொடுத்தார்களாம்.

அக்தர் வாடகை கொடுக்க முடியாமல் வீட்டைக் காலி செய்தாள். கிருஷ்ணகிரியில் அண்ணன் வீட்டுக்குப் போவதாகக் கேள்விப்பட்டு, பாஞ்சாலி தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அக்தர் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் பிள்ளைகள். திட்டுவாள் என்று பாஞ்சாலி எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள்.

"நல்ல நூலு எடுத்தே" என்றாள் அக்தர்.

"அக்கா..."

"எனக்கு எடுக்க வராதுன்னு நெனச்சியா? உன்னைவிட மெல்லிசா எடுப்பேன்டி. எடுக்கத் தெரிஞ்ச கையாலதான் கெடுத்தேன். அது எவ்ளோ கஷ்டம்னு உனக்குத் தெரியாது." பஸ் வந்தது. பிள்ளைகளை முன்னால் ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தை முடிந்தது, மாசியும் முடிந்தது. பாஞ்சாலி காரிமங்கலத்துக்குப் போகவில்லை. அதியமான்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜல்லி உடைக்கப் போனாள். வெயில், கல் தூசி, சுத்தியல். விரல் நுனிகள் முதலில் வெடித்தன. பிறகு காய்த்தன. பிறகு எதையும் உணராமல் போயின. அங்கே வேலை முடிந்ததும் சாயபுவின் கூடத்துக்கே போய் ராட்டைக் கூலியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். புதுப் பெண்களும் வருஷம் முடிந்து போய், திரும்பக் கூலிப் பெண்களே ராட்டை சுற்றிய காலம்; அவர்களில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை. சாயபு சேர்த்துக்கொண்டார். நூர் பாஷாவின் தம்பிக்கு எதிரே அவள் ராட்டை சுற்றினாள். அவன் எடுக்கிற நூல் தடிப்பதும் மெலிவதும் அவள் கண்ணில் படும். பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். மகளுக்குப் பதிமூன்று வயதில் காரிமங்கலத்திலேயே அக்கா கல்யாணம் செய்து வைத்தாள். விருந்தாளி மாதிரி போய்விட்டு வந்தாள் பாஞ்சாலி.

எழுபத்தெட்டில் காலம் மாறியது. நெசவுக்காரர்கள் ஒரே சீரான மெல்லிய நூல் கேட்டார்கள். வியாபாரிகள் தராசோடு நிறுத்தாமல் நூலை விரலில் உருட்டிப் பார்த்து விலை சொல்ல ஆரம்பித்தார்கள். தடித்த நூல் தேங்கியது. சாயபு சாக்கை நிரந்தரமாக எடுத்தார். நூர் பாஷா புது இயந்திரத்தில் உட்கார்ந்து பார்த்தார், வசப்படவில்லை. அந்தச் சமயம் பயிற்சிப் பெண்கள் யாரும் கூடத்தில் இல்லை. திட்டமே நின்று போயிருந்தது. அப்போது சாயபுவுக்குப் பாஞ்சாலி ஞாபகம் வந்தாள்.

"வாம்மா. உக்காரு. நூல்காரர் கூலி."

பாஞ்சாலி உட்கார்ந்தாள். வெந்நீரில் கை விட்டாள். சூடே தெரியவில்லை. முனை இருந்தது, விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பிடித்தாள். ஆனால் கண்ணுக்குத் தெரிவதற்குள் நூல் மெலிந்துவிடும். அறுந்தது. சேர்த்தாள். மறுபடி அறுந்தது. இந்தத் தடவை அவள் எதையும் கெடுக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நூர் பாஷாகூட. கடைசியில் சாயபு, "போதும்மா, ராட்டைக்குப் போ" என்றார். பிறகு யோசித்து, "உன்கூடப் படிச்சதுங்களே, அதுல நல்லா எடுக்கறவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலி கிருஷ்ணகிரிக்குப் போனாள். அக்தரின் அண்ணன் வீட்டைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. அக்தர் கொல்லைப்புறத்தில் ஒரு குவியல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அண்ணி ஏதோ உருதுவில் கத்தினாள். அக்தர் பதில் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது.

பாஞ்சாலி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நூல்காரர் கூலி, சொந்தத் தொட்டி, பாய் தானாகவே கூப்பிடுகிறார் என்று.

அக்தர் முழுக்கக் கேட்டாள். "எத்தினி நாளைக்கு?"

"அது... நூலுக்குக் கிராக்கி இருக்கற வரைக்கும்."

"கிராக்கி போயிடுச்சுன்னா? இல்ல சர்க்காரு மறுபடி அஞ்சு பேரை ஓசியில அனுப்பிச்சுன்னா? யாராச்சும் வந்து நான் நல்லா எடுக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா?" குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிற குரல். "இங்க அண்ணி திட்டுவாங்க. ஆனா பசங்களுக்கு ஒரு மூலை இருக்குது. ஒரு தடவை வெளியே போனா அந்த மூலை திரும்பக் கெடைக்காது. தொழிலை நம்பி ஒரு தடவை போயாச்சு பாஞ்சாலி."

"நான் அன்னிக்குச் செஞ்சதுக்கு..."

"அதை வுடு." அக்தர் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். சாம்பல் படிந்திருந்ததே தவிர விரல்கள் மெல்லியதாகவே இருந்தன. "பாய் கேட்டா, எனக்கு நூல் எடுக்க வராதுன்னு சொல்லிடு. அவங்க முன்னாடியே பாத்திருக்காங்க, நம்புவாங்க."

உள்ளேயிருந்து மறுபடி சத்தம் வந்தது. அக்தர் போய்ப் பாத்திரத்தின் முன் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை கூடத்தில் சாயபு கேட்டார்: "என்னாம்மா, வர்றாங்களா?"

"இல்லீங்க" என்றாள் பாஞ்சாலி. "அந்த அக்காவுக்கு நூல் எடுக்க வராதுங்க."

சாயபு சரி என்று தலையாட்டிவிட்டு, பட்டுக்குப் பேர்போன கர்நாடகத்து ராமநகரத்திலிருந்து ஆள் கொண்டுவருவதைப் பற்றி நூர் பாஷாவிடம் பேசப் போனார். பாஞ்சாலி ராட்டையின் கைப்பிடியைப் பிடித்தாள்.